வேலை அனுமதிச் சீர்திருத்தமும் உள்நாட்டுத் தொழிலாளர் வளமும்: பஹ்ரைன், சவூதி அரேபியா தரும் படிப்பினைகள்

ஒரு நாட்டின் படித்த இளைஞர்கள் வேலை தேடி அலையும்போது, அதே நாட்டில் இலட்சக்கணக்கான அயல்நாட்டினர் தொழில் புரிந்து கொண்டிருப்பது முதல் பார்வைக்கு முரணாகத் தோன்றலாம். ஆனால் அரபு வளைகுடா நாடுகளில் கடந்த பல பத்தாண்டுகளாக நிலவி வந்த நிலை இதுவேயாகும். இந்த முரண்பாட்டைக் களைவதற்கு அந்நாடுகள் மேற்கொண்ட முயற்சிகள் இரு திசைகளில் அமைந்தன. அயல்நாட்டுத் தொழிலாளருக்கு வேலை அனுமதி வழங்கும் முறையைத் திருத்தியமைப்பது ஒன்று. உள்நாட்டு மக்களைத் தொழிலுக்குத் தகுதியுடையவர்களாக ஆக்குவது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதையும், ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் செய்தால் பயன் குறைவு என்பதையும் பஹ்ரைன், சவூதி அரேபியா ஆகிய இரு நாடுகளின் அனுபவம் தெளிவாக உணர்த்துகிறது. வளைகுடா நாடுகளில் சுமார் 90 இலட்சம் இந்தியர்கள் வாழ்வதால், இந்த அனுபவம் நமது நாட்டுக்கும் நெருங்கிய தொடர்புடையதாகும்.

எண்ணெயும் உழைப்பும்

வளைகுடாவின் அரபுக் கரையில் முதன்முதலாக எண்ணெய் கண்டறியப்பட்டது பஹ்ரைனில்தான். ஆண்டு 1932. சவூதி அரேபியா, குவைத் முதலிய நாடுகளில் பின்னர் அதைவிடப் பன்மடங்கு எண்ணெய் வளம் வெளிப்பட்டது. 1973ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பெருமளவு உயர்ந்ததைத் தொடர்ந்து இந்நாடுகளின் வருவாய் பெருகியது. சாலைகள், துறைமுகங்கள், மருத்துவமனைகள், குடியிருப்புகள் ஆகியவற்றை ஒரே காலத்தில் கட்டி முடிக்க அரசுகள் விழைந்தன. மக்கள்தொகை குறைவாயிருந்த இந்நாடுகளால் இத்தனை பணிகளுக்கும் வேண்டிய கைகளைத் தர இயலவில்லை. ஆகவே இந்தியா, பாகிஸ்தான், வங்காள தேசம், இலங்கை, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளிலிருந்து தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர்.

தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கிய இம்முறை நாளடைவில் பொருளாதாரத்தின் நிலையான அடித்தளமாகிவிட்டது. சவூதி அரேபியாவில் 2022இல் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கின்படி மொத்த மக்கள் 3.22 கோடி. அவர்களில் 1.34 கோடிப் பேர், அதாவது 41.6 சதவீதத்தினர், அயல்நாட்டினர். பஹ்ரைனில் 2001இல் மக்கள்தொகை 6.5 இலட்சமாக இருந்தது. அதில் அயல்நாட்டினர் 38 சதவீதம். 2010இல் மக்கள்தொகை 12.3 இலட்சமாக உயர்ந்தபோது அயல்நாட்டினரின் பங்கு 54 சதவீதத்தை எட்டியது. ஒன்பதே ஆண்டுகளில் சொந்த நாட்டு மக்கள் தம் நாட்டிலேயே சிறுபான்மையினராயினர்.

கஃபாலா முறை

இந்நாடுகளில் அயல்நாட்டுத் தொழிலாளர் நுழைவதற்கு வழியாக அமைந்தது ‘கஃபாலா’ எனப்படும் பொறுப்பாளர் முறையாகும். ஒவ்வொரு தொழிலாளருக்கும் உள்நாட்டவர் ஒருவரோ நிறுவனம் ஒன்றோ ‘கஃபீல்’ என்னும் பொறுப்பாளராக இருத்தல் வேண்டும். தொழிலாளரின் நுழைவு, தங்கும் உரிமை, வேலை ஆகிய மூன்றும் அந்தப் பொறுப்பாளரையே சார்ந்திருந்தன. அவரது இசைவின்றி வேறு வேலைக்கு மாற இயலாது. சில நாடுகளில் அவரது இசைவின்றித் தாயகம் திரும்பவும் இயலாது. தொழிலாளர் பணியை விட்டு ஓடிவிட்டார் என்று பொறுப்பாளர் ‘ஹுரூப்’ புகார் பதிவு செய்தால், ஊதியப் பாக்கி கேட்டு வந்தவரே சட்டத்தை மீறியவராகக் கருதப்படும் நிலையும் ஏற்பட்டது.

இம்முறை தொழிலாளருக்கு இழைத்த தீங்கு பலரும் அறிந்ததே. ஆனால் உள்நாட்டு இளைஞருக்கும் இது பாதகமாக அமைந்தது என்பது பலரால் கவனிக்கப்படாத உண்மை. வேலையளிப்போர் ஒருவர் அயல்நாட்டவரை விரும்புவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, குறைந்த ஊதியம். இரண்டாவது, தொழிலாளர் வேறு இடத்துக்குச் செல்ல இயலாது என்ற உறுதி. உள்நாட்டவருக்கு மட்டும் அதிக ஊதியம் வழங்க வேண்டும், அவர் விரும்பியபோது விலகிச் செல்லலாம், தொழிலாளர் சட்டப்படி வழக்குத் தொடரலாம். எனவே திறமை ஒத்திருந்தாலும் அயல்நாட்டவரே ஆதாயம் தருபவராகத் தோன்றினார். தொழிலாளரின் கட்டுண்ட நிலையே அவரை மலிவாக்கியது. அந்த மலிவே உள்நாட்டவரை வேலைச் சந்தைக்கு வெளியே நிறுத்தியது.

இதன் விளைவாக உள்நாட்டு மக்கள் அரசுப் பணியை நாடினர். அங்கு ஊதியம் அதிகம், பணி நேரம் குறைவு, பாதுகாப்பு உறுதி. எண்ணெய் வருவாய் பெருகிய காலத்தில் அரசால் அனைவருக்கும் வேலையளிக்க முடிந்தது. மக்கள்தொகை பெருகி, எண்ணெய் விலை சரிந்த காலங்களில் அது இயலாததாயிற்று.

விழுக்காட்டு ஒதுக்கீட்டின் வரம்பு

இதற்கு முதலில் கையாளப்பட்ட வழி விழுக்காட்டு ஒதுக்கீடாகும். சவூதி அரேபியாவில் 1994ஆம் ஆண்டு அமைச்சரவைத் தீர்மானம் ஒன்றின்படி, 20 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் 5 சதவீத அளவுக்குச் சவூதியரின் பங்கை உயர்த்த வேண்டும் என்று பணிக்கப்பட்டது. 2005இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம் ஒரு நிறுவனத்தின் பணியாளரில் 75 சதவீதத்தினர் சவூதியராயிருக்க வேண்டும் என்று விதித்தது. எனினும் நடைமுறையில் தனியார் துறையின் பெரும்பான்மைப் பணியாளர் அயல்நாட்டினராகவே நீடித்தனர்.

காரணம் எளிதில் விளங்கக் கூடியதே. ஒதுக்கீடு என்பது வேலையளிப்போரின் கணக்கை மாற்றுவதில்லை. மலிவான உழைப்பு மலிவாகவே இருக்கும்வரை, விதியைச் சுற்றிச் செல்வதில்தான் ஆதாயம். உள்நாட்டவரின் பெயரை ஊதியப் பட்டியலில் மட்டும் எழுதி, சிறு தொகை கொடுத்து வீட்டிலேயே இருக்கச் செய்வது ஒரு வழி. பயன்படுத்த முடியாத வேலை அனுமதிகளைத் தரகர்மூலம் விற்பது மற்றொரு வழி. நம் நாட்டில் பேச்சுவழக்கில் ‘ஃப்ரீ விசா’ எனப்படுவது இத்தகைய வணிகத்தின் விளைவேயாகும். பெயரில் ‘ஃப்ரீ’ என்றிருந்தாலும், அதற்காக ஏழைத் தொழிலாளர் வீட்டையும் நகையையும் அடகு வைக்க நேர்ந்தது.

பஹ்ரைனின் திட்டம்

ஒதுக்கீட்டுக்கு மாற்றாக, விலையின்மூலம் சந்தையைத் திருத்த முற்பட்ட நாடு பஹ்ரைன். 2004இல் அந்நாட்டின் பொருளாதார மேம்பாட்டுக் குழுமத்துக்காக நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று, அடுத்த பத்தாண்டில் சுமார் 1 இலட்சம் பஹ்ரைனியர் புதிதாக வேலை தேடி வருவர் என்று கணித்தது. அரசுத் துறையால் இவர்களை ஏற்க இயலாது. தனியார் துறையோ அயல்நாட்டினரையே நாடியிருந்தது. எனவே தொழிலாளர் சந்தை, பொருளாதாரம், கல்வியும் பயிற்சியும் ஆகிய மூன்றிலும் ஒருசேரச் சீர்திருத்தம் தேவை என முடிவு செய்யப்பட்டது.

2006இல் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின்கீழ்த் தொழிலாளர் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் நிறுவப்பட்டது. வேலை அனுமதி வழங்கும் அதிகாரம் இதனிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டில் ‘தம்கீன்’ என்று இன்று அழைக்கப்படும் தொழிலாளர் நிதியமும் தோற்றுவிக்கப்பட்டது. மேலும், தொழிலாளர், வேலையளிப்போர், அரசு ஆகிய மூவரும் ஊதியத்தில் 1 சதவீதம் வீதம் செலுத்தும் வேலையின்மைக் காப்பீடும் கொண்டுவரப்பட்டது.

2008 ஜூலை முதல் ஒவ்வொரு அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் இரண்டாண்டு அனுமதிக்கு 200 தினாரும், மாதந்தோறும் 10 தினாரும் நிறுவனங்கள் செலுத்த வேண்டியதாயிற்று. இரண்டாண்டுக்கு மொத்தம் 440 தினார். அதாவது மாதத்துக்குச் சுமார் 18 தினார். இக்கட்டணத்தில் 80 சதவீதம் தம்கீன் நிதியத்துக்கும் 20 சதவீதம் அரசுக் கருவூலத்துக்கும் செல்லுமாறு வகுக்கப்பட்டது. தம்கீன் இத்தொகையைப் பஹ்ரைனியருக்குப் பயிற்சி அளிக்கவும், புதிதாக வேலைக்கு அமர்த்தப்படுவோரின் ஊதியத்தில் ஒரு பங்கை ஏற்கவும், சிறு தொழில்களுக்கு உதவவும் செலவிட்டது.

இந்த அமைப்பின் உட்பொருள் கவனிக்கத்தக்கது. அயல்நாட்டு உழைப்பின் விலை சற்று உயர்கிறது. அவ்வாறு பெறப்படும் தொகையே உள்நாட்டவரின் திறனை உயர்த்தப் பயன்படுகிறது. கட்டணம் செலுத்தும் நிறுவனமே, பயிற்சி பெற்ற பணியாளர் வடிவில் பலனையும் பெற இயலும். 2008இல் பஹ்ரைன் பாலிடெக்னிக் நிறுவப்பட்டதும், கல்வி, பயிற்சி நிலையங்களின் தரத்தை மதிப்பிடத் தனி அமைப்பு ஏற்படுத்தப்பட்டதும் இதே திட்டத்தின் பகுதிகளாகும்.

மூன்றாவது நடவடிக்கை 2009 ஆகஸ்டில் வந்தது. முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, பழைய வேலையளிப்போரின் இசைவின்றியே அயல்நாட்டுத் தொழிலாளர் வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்று அறிவிக்கப்பட்டது. வளைகுடாப் பகுதியில் இது முன்னோடியான நடவடிக்கை.

எதிர்ப்பும் பின்வாங்கலும்

திட்டம் வகுப்பது எளிது, நிலைநிறுத்துவது அரிது என்பதற்கும் பஹ்ரைனே சான்றாயிற்று. முதலில் எண்ணப்பட்ட கட்டணம், இறுதியில் விதிக்கப்பட்டதைவிடப் பன்மடங்கு அதிகம். ஊதிய வேறுபாட்டை நிரவும் நோக்குடன் அது கணக்கிடப்பட்டிருந்தது. வணிகர்களின் எதிர்ப்பால் அது குறைக்கப்பட்டது. எனவே தொடக்கத்திலேயே கருவியின் கூர்மை மழுங்கியது. 2011இல் அரசியல் கொந்தளிப்பை ஒட்டி மாதக் கட்டணம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2013 செப்டம்பரில் மீண்டும் நடைமுறைக்கு வந்தபோது முதல் ஐந்து தொழிலாளருக்குத் தலா 5 தினார் என்றும், அதற்கு மேற்பட்டோருக்குத் தலா 10 தினார் என்றும் திருத்தப்பட்டது. நால்வர் மட்டுமே பணிபுரியும் சிறு கடைக்கு மாதச் சுமை 40 தினாரிலிருந்து 20 தினாராகக் குறைந்தது. ஐம்பது பேர் கொண்ட நிறுவனத்துக்கோ 500 தினார் 475 தினாராயிற்று. சிறு வணிகரின் குறையைத் தீர்ப்பதற்கு இது நல்ல முறை எனலாம். இடைப்பட்ட காலத்தில் நிதியத்துக்கு வரவேண்டிய வருவாய் குறைந்தது என்பதையும் மறத்தலாகாது.

வேலை மாறும் உரிமையும் 2011இல் சுருக்கப்பட்டது. ஓராண்டு பணி முடித்த பின்னரே மாறலாம் என்று விதி திருத்தப்பட்டது. 2017இல் முறையான ஆவணமின்றித் தங்கியிருந்தோர் பொறுப்பாளரின்றித் தாமே அனுமதி பெற்றுப் பணிபுரியும் ‘நெகிழ்வு அனுமதி’ கொண்டுவரப்பட்டது. பல தரப்பு எதிர்ப்புகளுக்குப் பின் 2022இல் அது கைவிடப்பட்டு, தொழிலாளரைப் பதிவு செய்யும் வேறு முறை புகுத்தப்பட்டது.

இத்தனை ஏற்ற இறக்கங்களுக்கிடையே 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 15 இலட்சமாகவும், அயல்நாட்டினரின் பங்கு ஏறத்தாழ 53 சதவீதமாகவும் இருந்தது. முந்திய பத்தாண்டின் வேகமான உயர்வு தொடரவில்லை. ஆயினும் அயல்நாட்டு உழைப்பைச் சார்ந்திருக்கும் நிலை நீங்கவும் இல்லை.

சவூதி அரேபியாவின் பாதை

சவூதி அரேபியா ஒதுக்கீட்டைக் கைவிடாமல், அதற்குப் பரிசும் தண்டனையும் சேர்த்துக் கூர்மைப்படுத்தியது. 2011இல் ‘நிதாகத்’ திட்டம் நடைமுறைக்கு வந்தது. தொழில்வகை, பணியாளர் எண்ணிக்கை ஆகியவற்றுக்கேற்பத் தனித்தனி அளவுகள் குறிக்கப்பட்டு, நிறுவனங்கள் வண்ண வரிசைகளில் வகைப்படுத்தப்பட்டன. சிவப்பு வரிசையில் உள்ள நிறுவனம் தன் அயல்நாட்டுப் பணியாளரின் அனுமதியைப் புதுப்பிக்க இயலாது. பச்சை வரிசையில் உள்ளவை புதிய அனுமதிகளைப் பெறலாம். சிவப்பு வரிசை நிறுவனத்தின் தொழிலாளரை அதன் இசைவின்றியே சேர்த்துக் கொள்ளவும் செய்யலாம்.

பொருளாதார ஆய்வாளர் ஜெனிஃபர் பெக் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, முதல் 16 மாதங்களில் இத்திட்டத்தால் 63,000 சவூதியருக்குத் தனியார் துறையில் வேலை கிட்டியது. அதே வேளையில் சுமார் 11,000 நிறுவனங்கள் மூடப்பட்டன. ஆகவே ஒதுக்கீடு பயனற்றதன்று. ஆனால் அதற்கு விலை உண்டு. அந்த விலையை நிறுவனங்களும், அவற்றை நம்பியிருந்த தொழிலாளரும் செலுத்த நேர்ந்தது.

2013இல் அனுமதி விதிகளுக்குப் புறம்பாகப் பணிபுரிந்தோர் தம் நிலையைச் சரிசெய்து கொள்ளவோ தண்டனையின்றித் திரும்பிச் செல்லவோ கால அவகாசம் அளிக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பர் தொடக்கத்தில் முடிவுற்ற அவகாசத்துக்குள் பல இலட்சம் இந்தியர் தம் ஆவணங்களைத் திருத்திக் கொண்டனர். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தாயகம் திரும்பினர். ‘இக்காமா’ எனப்படும் வசிப்பிட அட்டையில் ஒருவர் பெயரும், உண்மையில் வேலை செய்யுமிடத்தில் மற்றொருவர் பெயரும் இருந்த முறைகேட்டின் சுமையைப் பெரும்பாலும் தொழிலாளரே சுமந்தனர்.

கட்டணமும் ஒருங்கே உயர்த்தப்பட்டது. 2012 இறுதியில், சவூதியரைவிட அயல்நாட்டினர் மிகுந்த நிறுவனங்கள் மிகையாக உள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 200 ரியால் செலுத்த வேண்டியிருந்தது. 2018இல் இது 400 ஆகவும், 2019இல் 600 ஆகவும், 2020இல் 800 ஆகவும் உயர்ந்தது. ஒரு தொழிலாளருக்கு ஆண்டொன்றுக்கு 9,600 ரியால். பஹ்ரைனின் கட்டணம் அடையாளமாக நின்றதெனில், சவூதியின் கட்டணம் நிறுவனங்களின் கணக்கையே மாற்றக் கூடியதாயிற்று. தொழிற்சாலைகள் இதனைத் தாங்க இயலாமையால், 2019 அக்டோபரிலிருந்து ஐந்தாண்டுக்கு அவற்றின் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொண்டது.

பயிற்சித் துறையிலும் அடித்தளம் முன்னரே இடப்பட்டிருந்தது. தொழில்நுட்பப் பயிற்சிக்கான பொது நிறுவனம் 1980இலும், மனிதவள மேம்பாட்டு நிதியம் 2000இலும் தொடங்கப்பட்டன. 2016இல் வெளியிடப்பட்ட ‘தொலைநோக்கு 2030’ திட்டம் வேலையின்மையை 11.6 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைக்கவும், உழைப்போரில் பெண்களின் பங்கேற்பை 22 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக உயர்த்தவும் இலக்குகள் வகுத்தது. பெண்கள் வாகனம் ஓட்டுவதற்கு 2018இல் இருந்த தடை நீங்கியது. பணிக்குச் செல்லும் பெண்களின் போக்குவரத்துச் செலவுக்கும் குழந்தைக் காப்பகச் செலவுக்கும் உதவித் திட்டங்கள் வகுக்கப்பட்டன. பெண்களுக்குரிய இலக்கு 2020இலேயே கடக்கப்பட்டது. வேலையின்மை இலக்கு 2024 இறுதியில் எட்டப்பட்டது. உள்நாட்டு உழைப்பு வளத்தில் பயன்படாமலிருந்த பெரும்பகுதி பெண்களே என்பதும், வழியும் வசதியும் அளித்தால் அவர்கள் விரைந்து முன்வருவர் என்பதும் இதனால் புலனாகும்.

பட்டியலில் மட்டும் பெயர் எழுதும் வழக்கத்தைத் தடுக்கவும் விதி செய்யப்பட்டது. 2021 முதல் மாதம் 4,000 ரியாலுக்குக் குறையாத ஊதியம் பெறும் சவூதியரே ஒதுக்கீட்டுக் கணக்கில் ஒரு முழுப் பணியாளராக எண்ணப்பட்டனர்.

வேலை மாறும் உரிமையின் பயன்

2021 மார்ச் 14 முதல் சவூதி அரேபியாவில் தனியார் துறையின் அயல்நாட்டுத் தொழிலாளர், ஒப்பந்தம் முடிந்தபின் பழைய வேலையளிப்போரின் இசைவின்றி மாறவும், நாட்டை விட்டுச் சென்று வரவும், நிரந்தரமாக வெளியேறவும் வழி செய்யப்பட்டது. இல்லப் பணியாளர், இல்ல ஓட்டுநர், தோட்டக்காரர், பண்ணைத் தொழிலாளர் ஆகியோர் இதற்குப் புறம்பாயினர். மிகுந்த பாதுகாப்புத் தேவைப்படுவோரே விடுபட்டது இச்சீர்திருத்தத்தின் பெருங்குறையாகும். கத்தாரோ 2020இல் வெளியேறும் அனுமதி நீக்கத்தை இல்லப் பணியாளருக்கும் விரிவாக்கியதோடு, 2021 மார்ச்சு முதல் எந்நாட்டவருக்கும் பொதுவான 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியத்தையும் நிர்ணயித்தது.

இத்தகைய உரிமை ஊதியத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதற்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் சான்று உண்டு. அங்கு 2011இல் ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர் தடையின்றி மாறலாம் என்ற விதி வந்தது. அதன் விளைவை ஆராய்ந்தோர், ஒப்பந்தம் முடிந்தவர்களின் ஊதியம் 10 சதவீதத்துக்கு மேல் உயர்ந்ததையும், நாட்டை விட்டு வெளியேறுவோர் குறைந்ததையும் கண்டனர். அயல்நாட்டவரின் ஊதியம் உயரும்போது உள்நாட்டவரின் போட்டித் திறனும் உயர்கிறது. ஆகவே தொழிலாளரின் உரிமையும் உள்நாட்டவரின் வேலைவாய்ப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இந்தியாவுக்கான கருத்துகள்

இம்மாற்றங்களால் நமது நாட்டுக்குச் சில பணிகள் ஏற்படுகின்றன. முதலாவது, திறன் பற்றியது. கட்டணம் உயர உயர, தேர்ச்சியற்ற தொழிலாளருக்கான தேவை குறையும். சவூதி அரேபியா 2021இல் தொழில்திறன் சரிபார்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கம்பியர், மின்பணியாளர், பற்றவைப்பாளர் போன்றோர் தம் திறனைத் தேர்வின்மூலம் மெய்ப்பிக்க வேண்டிய காலம் இது. நமது தொழிற்பயிற்சி நிலையங்களின் சான்றிதழ்கள் அந்நாடுகளில் ஏற்கப்படும் வகையில் பாடத்திட்டம் அமைதல் வேண்டும்.

இரண்டாவது, வேலைக்குச் சேர்க்கும் செலவு. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் விதிகள் பதிவு பெற்ற முகவர் தொழிலாளரிடமிருந்து பெறக் கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாய் என உச்சவரம்பு விதித்தன. கள நிலைமை பல இடங்களில் வேறாக உள்ளது. வளைகுடாவில் வேலையளிப்போர் மீது விதிக்கப்படும் கட்டணம், தரகர்வழி இந்தியத் தொழிலாளரின் தலையில் விழுமானால் சீர்திருத்தத்தின் நோக்கமே சிதையும். தமிழ்நாட்டின் அயல்நாட்டு மனிதவளக் கழகம் 1978 முதலும், கேரளத்தின் ஒடெப்பெக் நிறுவனம் 1977 முதலும் அரசு வழியில் ஆள் அனுப்பி வருகின்றன. இத்தகைய நிறுவனங்களின் பங்கு விரிவடைதல் நலம்.

மூன்றாவது, அறிவுறுத்தல். பத்தாம் வகுப்புத் தேறாதோர் 18 நாடுகளுக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட பாதுகாப்பாகும். அவர்களே புதிய உரிமைகளை அறியும் வாய்ப்புக் குறைந்தவர்கள். வேலை மாறும் உரிமை, முன்னறிவிப்புக் காலம், ‘ஹுரூப்’ புகாருக்கு மறுப்புத் தெரிவிக்கும் முறை ஆகியவற்றைப் புறப்படுமுன்னரே தாய்மொழியில் விளக்குதல் இன்றியமையாதது. 2003இல் தொடங்கிய பிரவாசி பாரதீய பீமா திட்டத்தின் காப்பீட்டைப் பற்றியும் பலர் அறிந்திருப்பதில்லை. சட்டத்தைக் காலத்துக்கேற்ப மாற்றியமைக்க 2021இலும் 2025இலும் முன்வரைவுகள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டன. தொழிலாளரின் புகாரை நேரே ஏற்கும் ஏற்பாடு இவற்றில் வலுப்பெறுவது அவசியம்.

நான்காவது, திரும்பி வருவோர். உள்நாட்டவருக்கு முன்னுரிமை என்ற கொள்கை வளைகுடாவில் நிலைபெற்றுவிட்டது. ஆகவே திரும்பி வருவோரின் எண்ணிக்கை ஏறுவதும் இறங்குவதும் இனி இயல்பாகவே இருக்கும். அவர்கள் பெற்ற தொழில் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றளித்து, உள்நாட்டுத் தொழில்களில் ஈடுபடுத்த மாவட்ட அளவில் ஏற்பாடு தேவை.

முடிவு

பஹ்ரைன் விலையைக் கருவியாகக் கொண்டது. ஆனால் விலையை வேண்டிய அளவு உயர்த்தவும் இடைவிடாது காக்கவும் அதனால் இயலவில்லை. சவூதி அரேபியா ஒதுக்கீடு, கட்டணம், பயிற்சி, பெண்கள் பங்கேற்பு ஆகிய பலவற்றை ஒருங்கே கையாண்டது. பயன் பெரிது, அதற்காக நேர்ந்த இடர்ப்பாடும் பெரிது. அனுமதி முறையை இறுக்குவதால் மட்டும் உள்நாட்டு இளைஞர் தொழில் கற்றுக்கொள்வதில்லை. பயிற்சி அளிப்பதால் மட்டும் மலிவான உழைப்பின் கவர்ச்சி குறைவதுமில்லை. கட்டணத்தின் வருவாய் பயிற்சிக்குச் செல்ல வேண்டும், பயிற்சி பெற்றவருக்கு நியாயமான ஊதியம் கிட்ட வேண்டும், அயல்நாட்டிலிருந்து வந்து உழைப்பவருக்குத் தான் விரும்பும் வேலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும். இம்மூன்றும் இணைந்த இடத்தில்தான் சீர்திருத்தம் வேரூன்றும். அனுப்பும் நாடாகிய இந்தியாவும், தன் தொழிலாளரைத் திறனும் விவரமும் உடையவர்களாக அனுப்பும்போது இச்சீர்திருத்தத்தின் பயனில் உரிய பங்கைப் பெறும்.